திரையில் வராத கேள்வி

கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டுகிறான் ராஜ்கமல். பனியன் கம்பெனி கீபோர்டு. உள்ளேயிருந்து பஞ்சும் நூல் துணுக்கும் கொட்டுகின்றன. எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்ட பிறகுதான் வேலையைத் தொடுவான். "பஞ்சுக்குப் பயந்தா திருப்பூர்ல பொழைக்க முடியுமா அண்ணாச்சி" என்பான் என்னிடம். நான் லேபிள் அச்சடித்துக் கொடுப்பவன். அவனும் நானும் பெரும்பாலும் ஒரே கம்பெனிகளுக்குத்தான் போய்வருகிறோம்.

அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பா அம்மா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்தவர்கள். இவன் கம்ப்யூட்டர் சென்டரில் படித்து, வருகைப் பதிவு, பில், சரக்கு இருப்பு என்று சின்னக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறான். எல்லாம் விஷுவல் பேசிக் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில். ஸ்கூட்டர் கொக்கியில் லேப்டாப் பை. பைக்குள் பல் துலக்கும் பிரஷ் ஒன்று, கீபோர்டு இடுக்குக்கு. சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பான். எதைக் கேட்டாலும் முதல் பதில், "ஆயிரும்."

அவனுக்குப் பெருமையான வித்தை ஒன்று இருந்தது. மென்பொருளில் நாம் பார்க்கும் ஒவ்வொரு திரையையும் அவர்கள் ஃபார்ம் என்கிறார்கள். அதைத் திறந்து காட்டாமலே அதற்குள் இருப்பதை எடுக்கலாம், அது செய்யும் வேலையைச் செய்ய வைக்கலாம். "லோடு வேற, ஷோ வேற அண்ணாச்சி. லோடு பண்ணுனா ஃபார்ம் மெமரிக்கு வந்துரும். ஷோ பண்ணுனாத்தான் கண்ணுக்குத் தெரியும். தெரியாமலே அது பாட்டுக்கு வேலய முடிச்சிட்டுப் போயிரும்."

பெருமாநல்லூர் சாலையில் ஒரு கம்பெனி, முதலாளி வெள்ளியங்கிரி. யாரையும் கட்டாயப்படுத்தி ஓவர்டைமில் நிறுத்தக் கூடாது, ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிய வேண்டும் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் நிபந்தனை போட்டிருந்தார். ராஜ்கமல் ஒரு ஃபார்ம் எழுதினான். காலையில் வருகைப் பதிவு மெஷினில் கட்டைவிரல் வைத்ததும் திரையில் கேள்வி வரும்: 'இன்று மாலை ஓவர்டைம் இருக்கச் சம்மதமா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். வேலை சுருங்கட்டும் என்று 'ஆம்' முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். ஒத்திகை பார்த்தபோதே வரிசை கேட் வரைக்கும் நீண்டுவிட்டது.

"ஏனுங்க தம்பி, இந்தக் கேள்வியக் காட்டாமயே பதிஞ்சுக்க முடியாதுங்களா?" என்றார் வெள்ளியங்கிரி.

ஆயிரும் என்றான். விரல் பட்டதும் ஃபார்ம் மறைவாக ஏறும், தயாராக இருக்கும் 'ஆம்' பதிவாகும், இறங்கிவிடும். வரிசை சரசரவென்று நகர்ந்தது. முதலாளி எங்கள் இருவருக்கும் டீ சொன்னார்.

மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. லிஸ்டில் பேர் இருந்தால் நின்றார்கள், யாரும் ஏனென்று கேட்கவில்லை. போன ஆவணியில் ஒரு காலை, நாங்கள் அலுவலக அறையில் இருந்தபோது நாகஜோதி வந்தாள். தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் வேலை. முந்தின நாள் மாலை அவள் தங்கைக்கு நிச்சயம். தாய் இல்லாத வீடு. தட்டு மாற்ற வேண்டியவள் இவள்தான். ஓவர்டைமில் பேர் இருக்கிறதென்று கேட்டில் விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தட்டு மாற்றியிருக்கிறாள்.

"இருக்கேன்னு நான் யார்ட்டயும் சொல்லலயே மேடம்."

அலுவலகத்துக் கீதாஞ்சலி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினாள். "நீங்க ஆமான்னு குடுத்திருக்கீங்களேங்க்கா. காலைலயே பதிவாயிருக்குது பாருங்க." அவளுக்கும் அதற்கு மேல் தெரியாது.

நாகஜோதி திரையைப் பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தாள். "வெரல ரொம்ப அழுத்தி வச்சிட்டேன் போல. என் தப்புதான் மேடம். இனிமே மெதுவா வைக்கேன்."

அவள் போனதும் ராஜ்கமல் லேப்டாப்பை மூடினான். "தன் தப்புன்னுட்டுப் போறா அண்ணாச்சி" என்றான். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டுச் செக்கிங் டேபிளுக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"அக்கா, நீங்க அழுத்துனதுல ஒண்ணுமில்ல. உங்ககிட்ட கேக்கவே இல்ல. கேக்காமலே ஆமான்னு எழுதிக்கிற மாதிரி நாந்தான் செஞ்சு வச்சிருக்கேன்."

கையிலிருந்த டிஷர்ட்டை அவள் கீழே வைக்கவில்லை. "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

டிஷர்ட்டை மடித்து டேபிளில் வைத்தாள். "அக்காக்காரி காசுக்கு ஆசப்பட்டு நின்னுட்டான்னு தங்கச்சி மாமியா சொல்லுதாங்க. அவுகள்ட்ட வந்து இதச் சொல்லுவீகளா?"

ஞாயிற்றுக்கிழமை அந்த மாமியார் வீட்டுக்குப் போனான். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "முழுசாக் கேட்டாங்க. குடிக்கத் தண்ணி குடுத்தாங்க" என்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

ஃபார்மைக் காட்டப்போகிறேன் என்று வெள்ளியங்கிரியிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "வரிசை நிக்குமுங்க தம்பி."

"நிக்கட்டுங்க."

"அப்ப அடுத்த வருசத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறனுங்க."

சரியென்று தலையாட்டினான்.

திங்கட்கிழமை காலை திரையில் கேள்வி வந்தது. வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது. தடுமாறுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ராஜ்கமல் மெஷின் பக்கத்தில் நின்றான். நாகஜோதியின் முறை வந்தது. எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். பொத்தானை நோக்கி அவள் விரல் எழுந்தபோது, அவள் எதைத் தொடுகிறாள் என்று பார்க்காமல் ராஜ்கமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.