குளிர்காலத்தில பறக்காத சின்சினாட்டி பிளேன்

டிக்கெட் போடுற வேலை எண்டுறது, நாங்கள் விடாத பிளேனுக்கு நாங்கள் ஏச்சு வாங்கிற வேலை. கவுண்டருக்குப் பின்னால கதிரையில இருந்த எல்லாருக்கும் இது தெரியும். நான் கம்பஸ் வகுப்பு முடிய, பின்னேரத்தில, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போற வீதியில இருக்கிற ஒரு சின்ன டிக்கெட் கந்தோரில வேலை செய்யிறனான். முதலாளி கிண்ணியா நஸீர் நானா. அவருக்குப் பொறுமை, எனக்கு வாய். ரெண்டுக்கும் ஒரே மேசை.

ஆழம் பாத்து வாறேல்ல

பென்சன் எடுத்த வாத்தியார் ஒருத்தர் வந்தார். மகன் நியூயோர்க்கில. "சீனக்குடாவில ஓடுபாதை இருக்கு. பிறகேன் இங்கயிருந்து அமெரிக்காவுக்கு விடேலாது?" எண்டு நான்தான் மறிச்சு வச்ச மாதிரிக் கேட்டார். "ஓடுபாதையைப் பாத்து விடமாட்டினம் சேர். லண்டனில இருந்து அமெரிக்காவில ஒரு ஊருக்குப் புதுசா விடுறதெண்டாலும், ஏற்கெனவே எத்தின பேர் வேற இடங்களில மாறி, சுத்தி வளைச்சு அங்க போகினம் எண்டுதான் முதல் பாப்பினம்" எண்டன். "உமக்கு ஊர்ப்பற்று இல்ல" எண்டார். நான் கதிரையை விட்டு எழும்பிட்டன்.

நானா எனக்கு முன்னால கையை நீட்டி மறிச்சு, அவருக்கு ஒரு கோப்பை பிளேன்ரீயைத் தள்ளினார். "சேர், எங்கட துறைமுகம் எவ்வளவு ஆழம்! கப்பல் வரிசையிலயா நிக்குது? ஆழத்தைப் பாத்து ஆரும் வாறேல்ல, சாமானைப் பாத்துத்தான் வருவாங்க."

சூட்கேஸ் பயம்

உப்புவெளி பிலோமினா அன்ரி வந்தது அதுக்கு அடுத்த கிழமை. மகள் சின்சினாட்டியில. மார்கழியில பிள்ளைப்பேறு. போன முறை வயித்தில தங்கேல்ல. பெட்டை ஆஸ்பத்திரியில தனியக் கிடந்திருக்கு. இந்த முறை அன்ரி பக்கத்தில நிண்டே ஆகவேணும். விசாவும் கிடைச்சிட்டுது.

பிரச்சினை வழியில. அமெரிக்காவில எந்த ஊரில முதல் இறங்கிறமோ, அங்கயே சூட்கேசை எடுத்து, திருப்பிக் குடுத்து, வேற பிளேன் பிடிக்கவேணும். அன்ரிக்கு இங்கிலீசு வராது. சூட்கேசுக்குள்ள பிள்ளைப்பெத்தவளுக்குக் குடுக்கிற சரக்குத்தூள். அந்த நேரம் பாத்து ஒரு கம்பெனி லண்டனில இருந்து சின்சினாட்டிக்கு நேரா விடத் தொடங்கியிருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்தவ. "சூட்கேசைத் தள்ளிக்கொண்டு தெரியாத ஊரில அலைய என்னால ஏலாது பிள்ளை. கதவு திறந்தா மகள்ர முகம் தெரியவேணும்."

செபமாலைக்குப் பிறகு

கொம்பியூட்டரில பாத்தா, அந்தப் பிளேன் ஐப்பசியோட நிக்குது. திரும்பப் பங்குனியிலதான். "ஏன் நிப்பாட்டினம்?" எண்டு அன்ரி கேட்டா. குளிருக்க சுற்றுலாச் சனம் இல்லை, சீற்று காலியாக் கிடக்கும் எண்டு சொன்னன். அதோட விட்டிருக்கலாம். "ஆக்கள் போனில பிளேன் தேடுறதையும் பாத்துத்தான் அன்ரி முடிவெடுப்பினம்" எண்டும் சொல்லிப்போட்டன்.

அடுத்த கிழமை ஒரு அலுவலா உப்புவெளிக்குப் போனா, கோயிலில செபமாலை முடிய ஒருத்தரும் வீட்டை போகேல்ல. வாங்குகளில வரிசை வரிசையா இருந்து, எல்லாரும் போனில லண்டன்-சின்சினாட்டி, மார்கழி மாசம் எண்டு தேடுகினம். பாடகர் குழு தனியா, வின்சன்ட் டி போல் சபை தனியா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "தேடினாப் போதாது, வாங்கவேணும்! அதுவும் முன்னுக்குப் படுத்துக்கொண்டு போற சீற்றை வாங்கவேணும். அந்த ஊரில இருக்கிற பெரிய கம்பெனியள் அதை எடுக்கும் எண்டு நம்பித்தான் இப்பிடியான பாதையே திறக்கிறது. விமான நிலையமும் கட்டணத்தைக் குறைச்சு ஆசை காட்டும். பின்னுக்கு முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்கிற நாங்கள் மிச்ச இடத்தை நிரப்பிற ஆக்கள்!" எண்டு கத்தினன். ஒருத்தரும் போனை வைக்கேல்ல. அன்ரி மெதுவாச் சொன்னா: "கத்தாதேங்கோ பிள்ளை, இன்னும் ரெண்டு வாங்கு தேடி முடியேல்ல."

கொழும்புக்கு ஒரு சண்டை

நான் விடுவனே? பிளேன் கம்பெனியின்ர கொழும்புக் கந்தோருக்குப் போன் எடுத்தன். "பனிக்க பிள்ளை பிறக்காதோ? மாமியார்மார் பறக்கமாட்டினமோ? ஒரு பிளேனைச் சும்மா நிப்பாட்டி வச்சிருக்கிறியள்!" எண்டு மூச்சு விடாமல் கேட்டன். மற்றப் பக்கத்தில இருந்த பொடியன் முழுசாக் கேட்டு முடிச்சான். கோபிக்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். "மிஸ், அது சும்மா நிக்கேல்ல, குளிருக்கு வெயில் இருக்கிற தீவுகளுக்கு ஓடுது."

வாடிக்காரர்

அதை அன்ரிக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல. நானாதான் சொன்னார். அன்ரி அழுவா எண்டு பாத்தன். அவ தலையை ஆட்டினா. "அப்ப எங்கட கரையில வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கிற ஆக்கள் மாதிரி. சோளகக் காத்துக்கு வருவினம், வாடைக் காத்து தொடங்க மற்றக் கரைக்குப் போயிடுவினம்."

எனக்கு அப்பதான் பொறி தட்டினது. வாடை முடிய அவையள் திரும்ப வருவினம்தானே! "அன்ரி, ஐப்பசியில கடைசிப் பிளேனில போங்கோ. பங்குனியில முதல் பிளேனில வாங்கோ. அமெரிக்காவில வழமையா அரை வருசம் நிக்க விடுவினம், அதுக்குள்ள வந்திடலாம்." உடன மகளுக்கு வட்சப்பில எடுத்தம். பெட்டை சந்தோசத்தில அழுதாள். பிறகு மருமகன் போனை வாங்கினார். "தங்கச்சி, குளிர் முழுக்கவோ?"

அங்கயிருந்து வந்த குரல்

மார்கழியில பேத்தி பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். தை மாசம் அன்ரி வட்சப்பில குரல் பதிஞ்சு அனுப்பினவ. நானாவும் நானும் மேசையில போனை வச்சுக் கேட்டம். பின்னால குழந்தை கத்துது. கதவு திறந்த உடன மகள்ர முகம்தான் தெரிஞ்சதாம். சரக்குத்தூள் மணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு தரம் கதவைத் தட்டிப்போட்டினமாம். "பிள்ளை, நீங்கள் தேடினாப் போதாது எண்டு கத்தினீங்கள், ஆனா மருமகன் இப்ப ஒவ்வொரு நாளும் சாப்பிட்ட கையோட அந்த லண்டன் பிளேன் எப்ப திரும்பத் தொடங்குது எண்டு தேடுறார்."

ஆக, கடலுக்கு மேலால புதுப் பாதை திறக்கிறது முன்சீற்றில படுத்துக்கொண்டு போறவைக்கு, அது எப்ப திறக்கும் எண்டு நாள் பாத்துக்கொண்டு இருக்கிறது எங்கட ஆக்களின்ர மருமகன்மார்.