லோகநாயகிக்குச் சுகர் இருக்கிறது

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்துத் தெருவில் லோகநாயகி வீட்டு இட்லிக்குத் தனிப் பேர் உண்டு. ரேஷன் புழுங்கலரிசியில் அரைத்த மாவு என்று சொன்னால் புதிதாகக் குடிவந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

"எங்க வூட்ல அதே அரிசில சுட்டா வாடை அடிக்குதே" என்று யாராவது கேட்டால், "கழுவுனாத்தானே வாடை போவும்?" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போவாள்.

காட்டாங்குளத்தூரில் மாணவிகள் தங்கும் விடுதி ஒன்றில் அவளுக்குச் சமையல் வேலை. வீட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் வடிவேலு, தட்டை நீட்டினால் பின்னால் இழுக்கத் தெரியாத இரண்டு மகன்கள். பகல் முழுதும் ஊரார் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, இந்த மூவருக்கும் வடிக்க வேண்டும். ரேஷன் அரிசி இல்லாமல் அந்த உலை கொதிக்காது. கடை அரிசி வாங்கினால் பருப்பில் கை வைக்க வேண்டிவரும்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பெயர் பம்மலில் மாமியார் கார்டில்தான் இருந்தது. மாதாமாதம் அங்கே போய்ப் பங்கு வாங்கி வருவது லோகநாயகிக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் பெயரை நீக்கி, தனிக் கார்டுக்கு எழுதிப்போட முடிவாயிற்று. குடும்பத் தலைவி என்று அவள் படமே வரும் என்றதும், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

பெருங்களத்தூர் பிரௌசிங் சென்டரில் அன்று நல்ல கூட்டம். தட்டச்சு செய்துகொண்டிருந்த நிஷா நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆதார், கேஸ் சிலிண்டர், விலாசம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவள், "சுகரா ஆன்ட்டி?" என்றாள்.

லோகநாயகி கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனாள். "ஆமாம்மா, ரெண்டு வருசமா கீது."

"கன்ஃபர்ம் பண்ணிடவா?"

"டெஸ்ட்டே எடுத்துட்டாங்கோ. கன்ஃபார்ம்தான்."

நிஷா ஒரு தட்டு தட்டினாள்.

"கவர்மெண்ட்டு இன்னாமா வெசாரிக்குது தெரியுமா? ஒடம்புக்கு இன்னா கீதுன்னுகூட கேக்குது" என்று வீட்டுக்கு வந்து வடிவேலுவிடம் பெருமைப்பட்டாள். அரிசியைக் குறைத்துக் கோதுமை கொடுப்பார்களோ என்னவோ என்று ஒரு யோசனையும் இருந்தது.

கார்டு வந்தது. படத்தில் பட்டுப்புடவை பளபளத்தது. பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். விற்பனையாளர் பட்டாபிராமன் கார்டை மெஷினில் காட்டிவிட்டு, சர்க்கரையை எடை போட ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, அரிசி?"

"உனக்கு அரிசி கிடையாதும்மா. இது சர்க்கரை கார்டு. அரிசி வேணாம்னு எழுதிக் குடுக்கறவங்களுக்கு வர்றது. அதுக்குப் பதிலா சர்க்கரை கூட வரும்."

"ஐயோ அண்ணா, எனக்கு சுகர் கீதுண்ணா!"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். உனக்கு சுகர்தான் கீது."

விஷயம் புரிந்தபோது வடிவேலு ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டாக்டரு நிறுத்தச் சொன்னத கவர்மெண்ட்டு கிலோ கணக்குல குடுக்குதுமே!" லோகநாயகி அன்று அவனுக்குச் சர்க்கரை போடாமல் டீ கொடுத்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அரிசிப் பாடு ஆரம்பித்தது. கடைக்குப் போகும்போதெல்லாம் அரிசி விலை ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இட்லி நின்று உப்புமா வந்தது. மகன்கள் அதைத் தண்டனைபோலத் தின்றார்கள். பொங்கல் வேறு வந்துகொண்டிருந்தது. அரிசி கார்டுக்குத்தான் பொங்கல் தொகுப்பு என்று தெருவில் பேச்சு. முதன்முதலாகத் தன் பெயரில் கார்டு வாங்கியும் பச்சரிசி, கரும்புக்குப் பம்மலைப் பார்த்து நிற்பதா?

பக்கத்து வீட்டு ஜாஸ்மின்தான் கைகொடுத்தாள். "அக்கா, கிறிஸ்துமஸ் வருது, கேக்குக்கு எனக்கு சர்க்கரை வேணும். அத இங்க தள்ளுங்க, எங்க அரிசில பாதி எடுத்துக்கங்க. இட்லி மட்டும் தட்டுல வச்சி இந்தப் பக்கம் வரணும்." சுவருக்கு மேலேயே கொடுக்கல் வாங்கல் நடந்தது.

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ரேஷன் குறைதீர் முகாம். லோகநாயகி விடுதிக்கு லீவு போட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றாள். பெண் அதிகாரி கார்டைப் புரட்டிப் பார்த்தார்.

"எதுக்கும்மா அரிசி கார்டா மாத்தணும்?"

வீட்டில் ஒத்திகை பார்த்துவைத்த பேச்செல்லாம் மறந்துபோய், "மேடம், எனக்கு சுகரு" என்றாள்.

"ஆமா, சுகர் கார்டுதான் வச்சிருக்கீங்க."

"கார்டுல இல்ல மேடம், ஒடம்புல!"

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை இங்கே திருப்பிக்கொண்டார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், "எனக்கு பிரஷர் கீதும்மா, குக்கர் எதுனா குடுப்பாங்களா?" என்றதும் வரிசையே குலுங்கியது. லோகநாயகிக்கும் அடக்க முடியவில்லை.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மனுவில் எழுதினார். "அனுப்பறேம்மா. ஆர்டர் ஆனா போனுக்கு மெசேஜ் வரும்."

"பொங்கலுக்குள்ள வருமா மேடம்?"

"வர்றதுக்குத்தான் பாக்கறேன்."

அதன்பிறகு போன் சிணுங்கும்போதெல்லாம் ஈரக்கையோடு ஓடினாள். லோன் வேண்டுமா என்றது ஒன்று. ரீசார்ஜ் முடிகிறது என்றது ஒன்று. போகிக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது வந்த மெசேஜை மட்டும் மூத்த மகன் உரக்கப் படித்தான். படித்து முடிப்பதற்குள் அவள் பையோடு தெருமுனைக்குப் போயிருந்தாள்.

பட்டாபிராமன் கார்டைக் காட்டினார். மெஷின் சீட்டைத் துப்பியது. புழுங்கலரிசி பையில் சரசரவென்று விழும் சத்தத்தை அவள் முழுதாகக் கேட்டாள். தொகுப்பும் கரும்பும் தனியே வந்தன. சீட்டைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"சுகர்?"

லோகநாயகி சட்டென்று பையின் வாயைப் பொத்தினாள்.

"எதக் கேக்கறண்ணா? கார்டயா, ஒடம்பயா?"

"அரிசி கார்டுக்கும் கொஞ்சம் சர்க்கரை உண்டும்மா. வேணுமா, வேணாமா?"

"அப்படி முழுசா கேளு. போடுண்ணா, ஜாஸ்மினுக்கு ஆவும்" என்று இன்னொரு பையை விரித்தாள்.