மூட்டையை விடாத வள்ளல்

எங்கள் மாடம்பாக்கம் அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு வருடத்தில் ஒரு நாள் ஏழைகள் மேல் இரக்கம் வரும். எந்த ஞாயிறும் தோதுப்படாததால் போன வருடம் அது ஒரு வேலை நாளில் வந்தது. கேளம்பாக்கம் தாண்டி உள்ளே ஒரு கிராமம். குடும்பத்துக்குப் பத்து கிலோ அரிசி. அரிசியை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தோம். பேனரில் யார் முகம் எங்கே என்பதற்கு மூன்று கூட்டம் போட்டோம். செயலாளரான என் முகத்துக்குக் கீழே 'வாரி வழங்கும் வள்ளல்' என்றிருந்தது. போடச் சொன்னதே நான்தான்.

ஒன்பது மணிக்கு வரச் சொன்ன ஜனம் எட்டரைக்கே வந்து பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றது. நாங்கள் வழியில் பொங்கல், வடையெல்லாம் முடித்துப் பத்தேகாலுக்குப் போனோம். பேனர் கட்டினோம். தலைவர் பேசினார். ஓய்வுபெற்ற அதிகாரி; ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று ஏழைகளுக்கே விளக்கினார். நேரத்தின் அருமை தெரியாததுதான் காரணமாம்.

முன்வரிசை அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "சார், நூறு நாள் வேலைக்கு ஏரிக்குப் போவணும். யார் யார் வந்தாங்கன்னு பதினோரு மணிக்கு செல்போன்ல போட்டோ புடிப்பாங்க. அதுல நான் இல்லன்னா இன்னிக்குக் கூலி கெடையாது. மூட்டைய இப்பவே குட்த்துடு சார்."

"ரெண்டே நிமிஷம்மா" என்றேன். தலைவர் அதற்குப் பிறகு இருபது நிமிடம் பேசினார்.

எங்கள் வழக்கப்படி, கொடுப்பவரும் வாங்குபவரும் மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும். போட்டோகிராபர் சொல்லும்வரை இருவரும் மூட்டையை விடக்கூடாது.

"அக்கா, சிரிங்க. சார், வயித்த உள்ள இழுங்க. இன்னும் கொஞ்சம்."

"இவ்ளோதாம்பா போகும்."

"வுடு சார், நேரமாவுது" என்று அந்த அம்மா மூட்டையை இழுத்தார். வயிற்றை இழுக்க முடியாத நான் மூட்டையை இழுத்தேன்.

"சூப்பர்! இன்னொரு ஸ்டில் சார்!"

அந்த அம்மா சட்டென்று கையை விட்டுவிட்டு ஏரிப் பக்கம் ஓடினார்.

"பாத்தீங்களா, நன்றியே கிடையாது" என்றார் தலைவர்.

மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசைதான். ஆனால் கேமரா முன்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றபோது, அரிசி வாங்க வந்தவன் மாதிரியே இருந்தேன். அந்த வெட்கத்தில்தான் மூட்டையோடு அந்த அம்மாவின் பின்னால் போனேன்.

ஏரிக்கரையில் வருகை எடுக்கும் பெண் போனை மூடிவிட்டிருந்தாள். "போட்டோவ ஏத்தியாச்சுக்கா. இனிமே சேக்க முடியாது."

"என்னாலதாம்மா லேட்டு" என்றேன் மூச்சு வாங்க.

"நீங்க யாரு சார்?"

வள்ளல் என்ற சொல் வாயில் வரவில்லை.

கூலி இல்லாத நாளில் யார் மண் வெட்டுவார்கள்? அந்த அம்மா மூட்டையை வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டார். எங்கள் இலவச அரிசியை ஒரு நாள் கூலி கொடுத்து வாங்கியவர் அவர்தான்.

"ஒங்க போட்டோவாச்சும் நல்லா வந்துச்சா சார்?" என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே விசாரித்தார்.