இன்மை அறிக்கை

ஓய்வு பெற்றவர்கள் சிலர் நடைப்பயிற்சி போவார்கள், சிலர் சங்கத் தேர்தலில் நிற்பார்கள். நான் மனு எழுதினேன். காந்தலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு தடித்த அகராதி, முப்பத்தாறு வருட அரசு அலுவலக அனுபவம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, எதுவானாலும் இலவசம். இலவசம் என்பதால் எழுதியதில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கு அதில் இருந்த வசதி அது ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை, ஓவேலியிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மா எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். குல்லாவைக் கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தான். உள்ளே பள்ளிச் சான்றிதழ், ஆதார் நகல். எல்லாவற்றிலும் ஒரு பெண்ணின் பெயர், இரட்டைச் சடைப் படம்.

"தங்கச்சி வரலையா?" என்றேன்.

"நான்தாங்க சார் அது."

எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் என் வியாதி. "ஓகோ, திருநங்கை!"

"அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போறவங்க சார். நான் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். திருநம்பி."

"பேரு மட்டும் மாத்திக் குடுங்க ஐயா," என்றார் அம்மா. "மத்ததெல்லாம் அது தானாவே மாத்திக்கிருச்சு."

விஷயம் இதுதான். அவன் எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்தவன். குன்னூர் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதற்குள் மாவட்ட நிர்வாகத்தின் அடையாளச் சான்று வந்தால், கேட் பாஸ் அவன் பெயரில் போடுவார்கள். வராவிட்டால் பழைய பெயரில்தான். அந்தப் பெயரோடு அந்த கேட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். வேலை போனாலும் சரியாம்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, படித்தவன் கேட்கிற தோரணையில் கேட்டேன்: "அப்போ, கல்யாணம் காட்சின்னு வந்தா, உனக்கு யாரை... அதாவது, பொண்ணா, பையனா?"

"படிவத்துல அந்தக் கேள்வி இருக்குங்களா சார்?"

இல்லை. நான் யார் என்பது படிவத்தில் ஒரு கலம். எனக்கு யாரைப் பிடிக்கும் என்பது வேறு கலம். இரண்டாவதை எந்த அரசும் அங்கே கேட்கவில்லை. கலங்களோடே வாழ்ந்த எனக்கு இதை ஓர் எலக்ட்ரீஷியன் சொல்ல வேண்டியிருந்தது.

அவனை 'அவன்' என்பதா வேறெப்படியாவது சொல்வதா என்று நான் உள்ளுக்குள் கோப்பு திறந்துகொண்டிருந்தபோது, என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அந்தத் தம்பிக்கு டீல சக்கரை போடலாமுங்களா?" கோப்பு முடிந்தது.

படிவமும் உறுதிமொழிப் பத்திரமும் போதும், மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்பது விதி. அதை அவனுக்கு நானே உரக்கப் படித்துக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முகப்பு மனு இல்லாமல் ஒரு விண்ணப்பம் போவதா? ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'இயற்கையின் பிழையால் பெண்ணுடலில் சிறைப்பட்டு, உடற்குறையாலும் மனவேதனையாலும் வாடும் இந்த அபாக்கியவான், கருணையே வடிவான தங்கள் திருமுன்...'

அவன் மெதுவாகப் படித்தான். "இது யாருங்க சார்?"

"நீதான்."

"இவ்வளவு பாவமாவா இருக்கேன்?"

"படிக்கிற அதிகாரி கண் கலங்கணும் தம்பி. அப்பத்தான் கோப்பு நகரும்."

"எனக்குக் குறை ஒண்ணும் இல்லீங்களே சார். பேர்லதான் பிரச்சனை."

"முப்பத்தாறு வருஷம் பாத்தவன் சொல்றேன்," என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா என் அகராதியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டான்.

இருபத்திரண்டாம் தேதி அவனிடமிருந்து போன் வந்தது. மனுதாரரே தமது உடற்குறையைக் குறிப்பிட்டிருப்பதால், அரசு மருத்துவரின் அறிக்கை பெற்று அனுப்புமாறு அவனுக்குக் கடிதம் வந்திருந்தது. "படிவத்துல கேக்காததை நாம எதுக்குங்க சார் சொன்னோம்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

மறுநாள் கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்குப் போனேன். பிரிவுத் தலைவர், ஒரு காலத்தில் என் கீழ் தட்டச்சராக இருந்தவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். நான் விதியை, அதன் உட்பிரிவோடு, மூச்சு விடாமல் சொன்னேன்.

"விதி தெரியும் சார். படிவம் சுத்தமா இருக்கு, உறுதிமொழி சுத்தமா இருக்கு. மனுலதான் சார்..."

"மனுல என்ன?"

"மனுதாரரே குறைன்னு எழுதிக் குடுத்தா விசாரிக்காம விடாதே, நாளைக்கு தணிக்கைல உன் தலைதான் உருளும்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?" அவர் கிண்டல் செய்யவில்லை. குருபக்தியோடுதான் சொன்னார்.

"சரி, அந்த மனுவை நான் திரும்ப வாங்கிக்கறேன்."

"நீங்க மனுதாரர் இல்லையே சார்."

நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாள் முதல் பேருந்தில் அவன் மழையில் நனைந்து வந்து சேர்ந்தான். அலுவலகத் தாழ்வாரத்து பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"சார் இங்கதான் வேலை பாத்தீங்களா?"

"கொஞ்ச காலம்."

"என்னைமாதிரி யாராச்சும் அப்ப வந்திருக்காங்களா?"

வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. வருடத்துக்கு ஒரு முறை மேலிடத்திலிருந்து வரும்: தங்கள் பகுதியில் மூன்றாம் பாலினத்தவர் விவரம் அனுப்புக. வந்த அன்றே நான் பதில் அனுப்பிவிடுவேன். 'இன்மை.' அதாவது, அப்படி யாரும் இங்கே இல்லை. யாரையும் கேட்டதில்லை, எந்த எஸ்டேட்டுக்கும் ஆள் அனுப்பியதில்லை. இன்மை அறிக்கையை முதலில் அனுப்பும் அலுவலகம் என்று கூட்டத்தில் என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள். இதை அவனிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னேன்.

பாராட்டியது எந்த வருடம் என்று அவன் கேட்டான். சொன்னேன்.

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். "அப்ப நான் ஓவேலில ஏழாவது படிச்சுக்கிட்டிருந்தேன் சார்."

உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைத்தாளை வாங்கி அவனே எழுதினான். 'எனக்குக் குறை எதுவும் இல்லை. கூட வைத்த மனுவை நான் திரும்பப் பெறுகிறேன். படிவத்தில் எழுதியிருப்பதே போதும்.' முன்னால் 'தாழ்மையுடன்' என்று ஒரு சொல் சேர்க்கலாமே என்று என் கை துடித்தது. கையை ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"என் மனுவைக் கிழிச்சுப் போட்டுருங்களேன்," என்றேன் பிரிவுத் தலைவரிடம்.

"வரவு எண் போட்ட தாளை எப்படி சார் கிழிக்கிறது?" என்றார் அவர், அதிர்ச்சியோடு. ஆக, அது அங்கேதான் இருக்கிறது; என் மிகச் சிறந்த உரைநடை, வரிசை எண்ணோடு, 'திரும்பப் பெறப்பட்டது' என்ற சிவப்பு மைக்குக் கீழே. அடுத்த தலைமுறை எழுத்தர்கள் படித்துக் கண் கலங்கட்டும்.

சான்று முப்பதாம் தேதி மாலை வந்ததாக மனைவிக்குத்தான் போன் வந்தது. ஒன்றாம் தேதி காலை எட்டரை மணிக்கு அவன் அம்மா என்னைக் கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே, சாலையின் எதிர்ச் சாரியில் நின்று பேசினார். பின்னால் பேக்டரி இரைச்சல் கேட்டது.

"தம்பி உள்ள போயிருச்சுங்க ஐயா."

சந்தோஷம் என்று சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் சரிபார்க்காமல் விட்டுப் பழக்கமில்லையே. "கேட்டுல வாட்ச்மேன் எந்தப் பேரும்மா எழுதினான்? பாத்தீங்களா?"

"எம் மகன், அவன் பேருதாங்க ஐயா," என்றார். "வேற யாரு பேரை எழுதுவாங்க?"