கருப்புக் கோழியின் வெள்ளைக் குஞ்சு

கிள்ளான் பாசாரில், கோழி விற்கும் கடையின் ஒரு கூண்டுக்கு முன்னால் நின்றுவிட்டேன். கருப்புக் கோழியின் குஞ்சுகளில் ஒன்று மட்டும் வெள்ளை. கூண்டிலிருந்து வந்த ஈரத் தவிட்டு வாடை, சுங்கை வேயில் நாங்கள் இருந்த வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

அப்பா நிறம் பார்த்து ஜோடி சேர்த்துக் கோழி வளர்த்தவர். ஒருமுறை கருப்புச் சேவலுக்கும் கருப்புக் கோழிக்கும் வெள்ளைக் குஞ்சு பொரித்தது. பக்கத்து வீட்டு மணியம் சிரித்தார்.

"என்ன அண்ணே, வேற சேவல் வேலி தாண்டி வந்துச்சா?"

"சேச்சே! ரெண்டுக்கும் அப்பன் ஒரே வெள்ளைச் சேவல் லா. நிறம் உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்து பேரனுக்கு வரும்," என்றார் அப்பா.

அம்மா பின்வாசலில் நின்றிருந்தாள். அவளும் அப்பாவும் நல்ல நிறம். நான் கருப்பு. நான் தன் பிள்ளைதானா என்ற சந்தேகம் அப்பாவுக்கு எப்போதும் உண்டு.

மணியம் போனதும் அம்மா மெதுவாகச் சொன்னாள். "எங்க அப்பாவும் கருப்புதாங்க."

அப்பா நிமிரவில்லை. வெள்ளைக் குஞ்சின் காலில் அடையாளத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"கோழிப் பேச்சுல உன் பேச்சக் கொண்டு வராதே."

சாகும்வரை அம்மாவிடம் என்னை அவர் "உன் மகன்" என்றுதான் சொன்னார்.