உதவி எண்ணில் ஒலித்த வீணை

கல்மண்டபம் பகுதியில் விசைப்படகு எஞ்சினுக்கு உதிரிபாகங்கள் விற்கும் கடை அது. முதலாளி அம்மாளுக்கு மூக்கின் இருபுறமும் மூக்குத்தி, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். எந்தப் பொருளை நீட்டினாலும் முதலில் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். நான் விற்க நீட்டிய, கார்டு தேய்த்துப் பணம் வாங்கும் மெஷினையும் அப்படித்தான் பார்த்தார்.

வேறு இரண்டு கம்பெனிக்காரர்கள் எனக்கு முன்பே வந்து போயிருந்தார்கள். அந்த மாதம் இந்தக் கடையையாவது பிடிக்காவிட்டால் என் வேலை போய்விடும். கமிஷன் குறைவு, பணம் மறுநாளே கணக்கில் ஏறிவிடும் என்று ஒப்பித்தேன்.

"ஓடுறத்த சொல்லாத நைனா. நின்னுபூட்டா இன்னா பண்ணுவ, அத்த சொல்லு."

மெஷினின் அடியில் ஒட்டியிருந்த உதவி எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வியாபாரத்தைக் கவனித்தார். காத்திருக்கும்போது வரும் வீணை இசை ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒரு படகுக்காரர் பெல்ட் வாங்கிப் போனார். இன்னொருவர் பேரம் படியாமல் கோபித்துப் போனார். போனை யாரும் எடுக்கவில்லை. நான் மெஷினைப் பைக்குள் வைத்தேன்.

"எங்க எட்த்துக்கினு போற? வெச்சிட்டுப் போ."

"யாருமே எடுக்கலையேம்மா!"

"அவனுங்க ரெண்டு பேரும் மட்டும் எட்த்தானுங்களா? வெளம்பரமா ஓட்டி பேஜாரு பண்றானுங்க. உன்னுதுல பாட்டாவது நல்லாகீது."

கடைக்காரர் ஏன் நம்மைத் தேர்ந்தெடுத்தார் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நமது சேவையின் தரம் என்றேன். கைதட்டினார்கள்.

அடுத்த மாதமே வீணையை நிறுத்திவிட்டு விளம்பரம் போட்டார்கள். அதன் பிறகு நான் கல்மண்டபம் பக்கம் போகவில்லை. அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது?