பங்களா வாசலில் சொன்ன ஹலோ

யுத்த காலம். குற்றாலத்தில் சாரல் பிடித்ததும் வெள்ளைக்காரர்கள் பங்களா எடுத்துத் தங்கினார்கள். நான் அங்கே ஒரு காப்பிக் கடையில் தம்ளர் கழுவினேன். ஐந்தாவதோடு நின்றவன். கொழும்பு ஹோட்டலில் இரண்டு வருஷம் தட்டுக் கழுவியதில் ஒட்டியதுதான் என் இங்கிலீஷ்.

அந்த ஹோட்டலில் ஒன்று கவனித்திருந்தேன். துரையும் துரையும் சந்தித்தால் 'ஹலோ, ஓல்டு சாப்'. நாம் கூட்டாளியை 'ஏலே மாப்ளே' என்பது மாதிரி. புதிதாக அறிமுகமானவரிடம் 'ஹவ் டூ யூ டூ'. கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார், மற்றவரும் அதையே திருப்பிச் சொல்வார். குமாஸ்தாவுக்குத் துரை பாதி விழுங்கிய 'மார்னிங்' ஒன்றைப் போடுவார். குமாஸ்தா முழுசாக 'குட் மார்னிங், சார்' சொல்ல வேண்டும். தட்டுக் கழுவுகிறவனுக்கு ஒன்றும் கிடையாது.

ஆய்க்குடியிலிருந்து வேலை தேடி வந்த ஒருவர் கடைக்கு வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இங்கிலீஷ் தெரியும் என்பதற்காக என்னை அண்ணாச்சி என்றார். நான் தடுக்கவில்லை.

"பங்களாவுல காவலுக்கு ஆள் கேக்காவ. தொரைட்ட என்ன சொல்லிட்டு நிக்கணும், அண்ணாச்சி?"

'குட் மார்னிங், சார்' தென்காசி ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்களுக்கே தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்து எனக்கு என்ன பெருமை? 'ஹலோ, ஓல்டு சாப்' என்று சொல்லிக்கொடுத்தேன்.

துரை விழுந்து விழுந்து சிரித்து வேலையும் கொடுத்துவிட்டார். மறுவாரம் பங்களாவுக்குப் பலகாரம் கொண்டுபோனபோது நானே பார்த்தேன். வராந்தாவில் விருந்தாளிகள். துரை விரலைச் சொடுக்கினார். இவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி, இடுப்பை வளைத்து, கைகூப்பி, "ஹலோ, ஓல்டு சாப்" என்றார். ஒரே சிரிப்பு. ஒரு துரைசானி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னார்.

வாசல்வரை என்னோடு வந்தார். "நாஞ்சொன்னாலே சிரிக்காவளே, ஏன் அண்ணாச்சி?"

"உங்க மேல பிரியம்" என்றேன்.

சாரல் ஓயும் சமயம், தன் தம்பியைக் கடைக்குக் கூட்டிவந்தார். இருபது வயது, எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருந்தான்.

"பட்டாளத்துல சேரப் போகுதான். வெள்ளக்கார ஆபீசர் முன்னால நிக்கணுமாம். இவனுக்கும் அதச் சொல்லிக் குடுங்க."

கையிலிருந்த தம்ளரைக் கழுவி முடித்தேன். பிறகு அந்தப் பையனிடம், "'குட் மார்னிங், சார்'னு மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்லிராத" என்றேன்.

மூத்தவர் என்னையே பார்த்தார். "அப்ப நாஞ்சொல்லுதது?"

"அது அவங்களுக்குள்ள சொல்லிக்கிடுதது. ஏலே மாப்ளேங்கிற மாதிரி."

"தெரிஞ்சேதான் சொல்லிக் குடுத்தியோலே?" என்றார்.

நான் அடுத்த தம்ளரை எடுத்தேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பங்களாப் பக்கமிருந்து வழக்கம்போலச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அர்த்தம் தெரிந்த பிறகும் சொல்லியிருக்கிறார்; வேலை அவருக்கு வேண்டியிருந்தது. விடிந்ததும், அவர் கடைக்கு வருவதற்குள், நான் செங்கோட்டைக்கு நடையைக் கட்டினேன்.